வார்த்தையே இல்லாத 'கலாங்': ஒரு தமிழரின் ஜாஸ் ஆல்பத்தில் பாதிக்கு மேல் ஏன் அடுத்தவர் மெட்டு?

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று ஒரு முக்கியமான தொழில். மணல் பூமி. வளர்ந்த கொடியில் இருந்து குச்சி வெட்டி மண்ணில் ஊன்றி, தண்ணீர் விட்டு, வேர் பிடித்ததும் எடுத்துக் கட்டுக்கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். அந்த மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கும் இங்கிருந்து நாற்று போகிறது. அங்கே பூத்ததும் அது மதுரைப் பூ. யாரும் அதை 'தங்கச்சிமடம் காப்பி' என்று சொல்வதில்லை.

பாட்டு விஷயத்தில் மட்டும் நாம் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. யூடியூபில் யாராவது ஒரு கவர் பாட்டு போட்டால், கீழே வரும் முதல் கமென்ட்டே 'ஒரிஜினல் மாதிரி வரல ப்ரோ' என்பதுதான். ஒரிஜினல் மாதிரியே வந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. 'இதுல உன்னோடது என்ன இருக்கு?' என்று அடுத்த கமென்ட் வரும்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவர்கள் ஒரு தடவையாவது கேட்க வேண்டிய ஆல்பம், விஜய் ஐயர் ட்ரியோவின் 'ஹிஸ்டாரிசிட்டி'. ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் 2009 அக்டோபரில் வெளியிட்டது. மொத்தம் 10 டிராக். அதில் 4 மட்டுமே விஜய் ஐயர் இசையமைத்தவை. மீதி 6 அடுத்தவர் மெட்டு. அந்த ஆறில் ஒன்று எம்.ஐ.ஏ. என்ற ஈழத்தமிழ்ப் பெண்ணின் பாட்டு.

அந்த ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை நடத்திய ஜாஸ் விமர்சகர்கள் வாக்கெடுப்பில் முதல் இடம் இதற்குத்தான். பிறகு கிராமி பரிந்துரையும் வந்தது. 'சொந்தச் சரக்கு குறைவு' என்று யாரும் மார்க் குறைக்கவில்லை. ஏன்?

யார் இந்த விஜய் ஐயர்?

1971-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்து குடியேறியவர்கள். மூன்று வயதில் வயலின் கையில் வந்தது. சுமார் 15 ஆண்டுகள் முறைப்படி மேற்கத்திய வயலின் படித்தார். பியானோவுக்கு மட்டும் அப்படி ஒரு வகுப்பு இல்லை. காதால் கேட்டு, கையால் தடவி, பெரும்பாலும் தானாகவே பிடித்துக்கொண்டது.

படிப்பு? யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும். பிறகு பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வெளிநாடு வாழ் தமிழ்க் குடும்பத்தின் கனவுப் பாதை அதுவரை பிசகாமல் போயிற்று. ஆனால் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஜாஸ் மேடைகள் அவரை இழுத்துவிட்டன. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், ட்ராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் ஆகிய இரண்டு கறுப்பின மேதைகளுடன் பழக்கம் ஏற்பட்டது. இயற்பியலை விட்டார். ஆனால் டாக்டர் பட்டத்தை விடவில்லை! மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் தாளத்தை மூளை மட்டுமல்ல, உடம்பே எப்படிப் புரிந்துகொள்கிறது என்று ஆராய்ந்து 1998-ல் முடித்தார். 2013-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப். அடுத்த ஆண்டு முதல் ஹார்வர்டில் பேராசிரியர்.

ட்ரியோ என்றால் மூவர் குழு. பியானோவில் விஜய் ஐயர், பேஸில் ஸ்டீபன் க்ரம்ப், டிரம்ஸில் மார்கஸ் கில்மோர். கில்மோர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ஜாஸ் உலகமே வணங்கிய டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸின் பேரன். மின்சார வித்தை எதுவும் கிடையாது. மூன்று மர வாத்தியம், ஆறு கை.

ஜாஸில் 'கவர்' ஒரு கெட்ட வார்த்தை இல்லை

கடற்கரை ஊர்த் திருவிழாக்களில் சப்பரத்துக்கு முன்னால் பேண்டு செட் போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரம்பெட், கிளாரினெட், பெரிய டிரம். வாசிப்பது மாதா பாட்டாக இருக்கலாம், சினிமாப் பாட்டாக இருக்கலாம். வார்த்தை கிடையாது. ஆனால் நாலு நோட் வந்ததும் 'அட, இது நம்ம பாட்டாச்சே' என்று தெரு திரும்பிப் பார்க்கும். அடுத்த ஊர் பேண்டு செட் அதே பாட்டை வாசித்தால் வேகமும் குழைவும் வேறாக இருக்கும்.

ஜாஸ் பிறந்த இடமும் இதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களின் பித்தளை வாத்தியக் குழுக்கள் சவ ஊர்வலத்தில் தேவாலயப் பாட்டை மெதுவாக வாசித்துக்கொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போடுகிற வேகத்தில் வாசித்துக்கொண்டு வரும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு இருந்தால்தான் நீங்கள் அதில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்பவருக்குத் தெரியும். ஜாஸ் அடிப்படையில் அந்த ஒப்பந்தத்தின் மேல் ஓடுகிற இசை.

பிற்காலத்தில் பிராட்வே நாடகப் பாட்டுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. ஆளாளுக்கு வாசித்து வாசித்துப் பொதுச்சொத்து போல ஆகிவிட்ட அந்த மெட்டுகளை 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள். ஒரு ஸ்டாண்டர்டை எடுத்தால் முதலில் மெட்டை ஒரு சுற்று வாசிப்பார்கள். பிறகு அதன் அடியில் இருக்கும் சுர அடுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முறை கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள்.

இதைப் படிக்கும்போது எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? கர்நாடகக் கச்சேரிதான். மேடையில் பாடகர் பாடும் கீர்த்தனைகளில் பெரும்பாலானவை தியாகராஜரோ தீட்சிதரோ சியாமா சாஸ்திரியோ எழுதியவை. கறாராகச் சொன்னால் எல்லாமே கவர். ஆனால் சபாவில் யாரும் 'சொந்தப் பாட்டு இல்லையா?' என்று கேட்பதில்லை. ஒரே வரியை எடுத்துப் பத்து விதமாக நிரவல் பண்ணும்போது அங்கே பாடகர் தெரிகிறார். மனோதர்மம் என்று நாம் சொல்வதை ஜாஸ்காரர்கள் இம்ப்ரொவைசேஷன் என்கிறார்கள். இலக்கணம் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்று.

ஜான் கோல்ட்ரேன் 1961-ல் வெளியிட்ட 'மை ஃபேவரிட் திங்ஸ்' இதற்குப் பெரிய உதாரணம். குழந்தைகள் பாடுவது போன்ற ஒரு பிராட்வே பாட்டை எடுத்து 13 நிமிடத்துக்கு மேல் சாக்ஸபோனில் சுழற்றி, அதை ஒரு தியானம் போல ஆக்கினார். அந்த ஆல்பத்தில் இருக்கும் நாலு டிராக்கும் அடுத்தவர் பாட்டு. ஆனாலும் அது கோல்ட்ரேன் ஆல்பம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த ஆறு பேர் யார் யார்?

'ஹிஸ்டாரிசிட்டி'க்கு வருவோம். இங்கே விஜய் ஐயர் எடுத்திருப்பவை வழக்கமான ஸ்டாண்டர்டுகள் இல்லை. பட்டியலைப் பார்த்தாலே ஒரு குடும்ப மரம் மாதிரி இருக்கும்.

'ஸ்மோக் ஸ்டாக்', பியானோ கலைஞர் ஆண்ட்ரூ ஹில் 1963-ல் பதிவு செய்தது. ஹில் 2007-ல் காலமானார். 'டோகான் ஏ.டி.', சாக்ஸபோன் கலைஞர் ஜூலியஸ் ஹெம்பில் 1972-ல் தன் சொந்த லேபிளில் போட்டது. அவரும் 1995-ல் போய்விட்டார். 'பிக் பிரதர்', ஸ்டீவி வொண்டரின் 1972 ஆல்பமான 'டாக்கிங் புக்'கில் இருப்பது. கெட்டோ மக்களைக் கண்காணித்துக்கொண்டே, தேர்தலுக்கு மட்டும் வந்துபோகும் அதிகாரத்தைப் பற்றிய பாட்டு. 'மிஸ்டிக் ப்ரூ', ஆர்கன் கலைஞர் ரானி ஃபாஸ்டருடையது. அதுவும் 1972. ஹிப்ஹாப் கேட்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். 1993-ல் 'எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்' குழு 'எலெக்ட்ரிக் ரிலாக்சேஷன்' பாட்டுக்கு வெட்டி எடுத்தது இந்த டிராக்கைத்தான்.

இந்த நால்வரும் கறுப்பின அமெரிக்கர்கள். ஐந்தாவது, லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'சம்வேர்'. 1957-ல் மேடையேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகத்தில் வருவது. நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் நடக்கும் மோதலுக்கு நடுவே, நமக்கென்று எங்கோ ஓர் இடம் இருக்கும் என்று இரண்டு பேர் நம்புகிற பாட்டு.

ஆறாவது எம்.ஐ.ஏ.

யாழ்ப்பாணம், சென்னை, லண்டன்

மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. இனப்பிரச்சினை முற்றிய காலத்தில் இடையில் கொஞ்ச நாள் சென்னை. 1986-ல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக மீண்டும் லண்டன். தந்தை அருள்பிரகாசம் ஈழப் போராட்ட அரசியலில் இருந்தவர். அவருடைய இயக்கப் பெயரான 'அருளர்'தான் மகளின் முதல் ஆல்பத்துக்கும் பெயர் ஆனது.

அந்த ஆல்பத்துக்கு முன்பே, 2003-ல் வந்த சிங்கிள்தான் 'கலாங்'. ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டியில் தட்டித் தட்டிப் பாட்டு உருவாக்கப் பழகிக்கொண்டிருந்த பெண், மூன்று பிரிட்டிஷ் இசைக்காரர்களோடு சேர்ந்து எழுதியது. முதலில் வெளியானது 500 பிரதி மட்டும். ஜமைக்காப் பேச்சு வழக்கில் தலைப்பு, கீழே அதிர்கிற எலெக்ட்ரானிக் பேஸ், கடைசியில் கூட்டமாகக் கத்துவது போன்ற ஒரு கோஷம். கிளப்புகளில் அதுவே தீயாகப் பரவியது.

இதை ஒரு ஜாஸ் மூவர் குழு எப்படி வாசிக்கும்? குரல் இல்லை, தாளப்பெட்டி இல்லை, சின்த் இல்லை.

விஜய் ஐயர் செய்தது: அந்த எலெக்ட்ரானிக் அதிர்வை அப்படியே பியானோவின் அடிக்கட்டைகளுக்கு இறக்கினார். இடது கை கல் உடைக்கிற மாதிரி ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப இறக்குகிறது. கில்மோர், மெஷின் வாசித்த தாளத்தை மனிதக் கையால் வாசிக்கிறார். மெஷின் மாதிரியே சீராகவும் இருக்கிறது, அதே சமயம் மூச்சு வாங்குவதும் கேட்கிறது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தலைப்பில் 'ட்ரியோ ரயட் வெர்ஷன்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். பொருத்தம்தான்.

ஆல்பனியில் பிறந்த ஒரு தமிழர். லண்டனில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். இருவரும் சந்திக்கும் இடம் ஒரு தமிழ்ப் பாட்டாக இருந்திருந்தால் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சந்தித்தது ஜமைக்கா வழக்கில் பெயர் வைத்த ஒரு லண்டன் பாட்டில், கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய ஓர் இசை வடிவத்தில். புலம்பெயர்ந்தவர்களின் இரண்டாம் தலைமுறை என்று கட்டுரைகளில் நீட்டி எழுதுவதை இந்த மூன்று நிமிடம் சுருக்கிச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆல்பம் வந்த 2009 எந்த ஆண்டு என்று இந்தக் கடற்கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மே மாதம்தான் முள்ளிவாய்க்காலோடு இலங்கைப் போர் முடிந்தது. போர்க்காலம் முழுக்க தனுஷ்கோடிப் பக்கம் படகில் வந்து இறங்கியவர்களையும், மண்டபம் அகதிகள் முகாமுக்குப் போனவர்களையும் பார்த்த ஊர்கள் இவை. 'ஹிஸ்டாரிசிட்டி' போரைப் பற்றிய ஆல்பம் இல்லை. அப்படி இழுத்துப் பிடிப்பது தப்பு. ஆனால் வரலாற்றுத்தன்மை என்று பொருள் வரும் தலைப்பை வைத்துவிட்டு, அந்த ஆண்டில் அந்தப் பெண்ணின் பாட்டை ஒருவர் வாசிக்கும்போது, இங்கே இருந்து கேட்பவர் காதில் அது கொஞ்சம் வேறு மாதிரிதான் விழும்.

சரி, 'கர்நாடக ஃப்யூஷன்' எங்கே?

இந்தியப் பெயர் உள்ள ஒருவர் ஜாஸ் வாசித்தால் உடனே மிருதங்கத்தையும் தாலாட்டு ராகத்தையும் எதிர்பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழு 1976-ல் போட்டுக் கொடுத்த பாதை அது. விக்கு விநாயக்ராமின் கடம், எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா. அருமையான பாதைதான். ஆனால் 'ஹிஸ்டாரிசிட்டி'யில் அந்த அடையாள அட்டை எதுவும் கண்ணில் படாது. (அது வேண்டும் என்பவர்களுக்கு, 2011-ல் கர்நாடக கிடார் கலைஞர் பிரசன்னா, தபலா கலைஞர் நிதின் மிட்டாவுடன் விஜய் ஐயர் செய்த 'தீர்த்தா' இருக்கிறது.)

அட்டை இல்லையே தவிர, தாளத்தில் ஆள் மாட்டிக்கொள்கிறார். 'மிஸ்டிக் ப்ரூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் என்ன செய்தோம் என்று 2009-ல் 'கார்டியன்' நாளிதழில் விஜய் ஐயரே விளக்கி எழுதினார். எட்டு எண்ணிக்கையை 5, 3 என்று சமமில்லாமல் பிரிக்கும் ஓர் அசைவு. நம் கொன்னக்கோலில் சொன்னால் 'தகதகிட தகிட'. அதைக் கொஞ்சம் நீட்டினால் 8, 5. மொத்தம் 13. இன்னும் நீட்டினால் 13, 8. மொத்தம் 21. எண்ணிக்கை மாறிக்கொண்டே போகிறது, ஆனால் பெரிய பாகத்துக்கும் சின்ன பாகத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதனால் ஆடிக்கொண்டிருக்கும் தலை நிற்பதில்லை. ஏதோ மாறியது என்று மட்டும் தோன்றும்.

3, 5, 8, 13, 21. ஸ்கூலில் படித்த ஃபிபோனாச்சி வரிசை. இதில் ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லாமல் போக முடியாது. இத்தாலியின் ஃபிபோனாச்சி தன் புத்தகத்தை எழுதியது 1202-ல். அதற்கு முன்பே இந்தியாவில் யாப்பிலக்கணக்காரர்கள் இதே எண்களைக் கண்டுவிட்டார்கள். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. இத்தனை மாத்திரை உள்ள ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணினால் வருவது இந்த வரிசைதான். விரஹாங்கர், ஹேமசந்திரர் போன்றவர்கள் செய்யுள் தாளத்துக்காகப் போட்ட கணக்கு. கணிதம் படித்த ஒருவர் அதைத் திரும்பவும் தாளத்துக்கே கொண்டுவந்தது, ஒரு வகையில் நாற்று தாய் மண்ணுக்குத் திரும்பிய மாதிரி.

அடுத்தவர் மெட்டு, யாருடைய உரிமை?

கவர் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யூடியூபில் 'காப்பிரைட் க்ளெய்ம்' வாங்கியவர்களுக்கு இதன் வலி தெரியும்.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை முறைப்படி வெளியாகிவிட்டால், வேறு யாரும் அதைத் தங்கள் பாணியில் பதிவு செய்யலாம். இசையமைத்தவருக்கு நிர்ணயித்த ராயல்டியைக் கொடுத்துவிட்டால் போதும், அவர் தடுக்க முடியாது. பாணிக்குத் தேவையான அளவு ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் மாற்றக் கூடாது.

இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்ற பிரிவு இருக்கிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் இந்த வழியில் கவர் செய்யலாம். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டில் மாற்றம் செய்யவும் கூடாது. அதாவது சட்டம் இங்கே தாராளமாக அனுமதிப்பது அச்சு அசலான கவரை மட்டும். ஒரு சினிமாப் பாட்டை எடுத்து 'கலாங்' மாதிரி உடைத்துக் கட்ட வேண்டும் என்றால் உரிமையாளரிடம் நேரில் போய் அனுமதி வாங்குவதுதான் வழி. பெரிய கம்பெனி என்றால் சரி. லேப்டாப்பும் ஒரு மைக்கும் வைத்திருக்கும் பையன் யாரிடம் போய்க் கேட்பான்? நம் ஊரில் கவர் என்றாலே கரோக்கி மாதிரி இருப்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை.

சட்டத்தைத் தாண்டியும் ஓர் உரிமைக் கேள்வி உண்டு. ஜாஸ் கறுப்பின மக்களின் வலியிலும் உழைப்பிலும் உருவானது. அதை வெள்ளைக்காரர்கள் எடுத்துக் காசு பார்த்த கதைகள் ஏராளம். அப்படியிருக்க, நல்ல படிப்பும் வசதியும் உள்ள ஒரு இந்தியக் குடும்பத்துப் பிள்ளை அதற்குள் வந்து உட்கார்ந்தால்? இந்த ஆல்பத்தின் கவர் பட்டியலே அதற்கு அவர் சொல்லும் பதிலாகப் படுகிறது. யாரிடம் கற்றேனோ அவர்கள் பெயரை முன்னால் வைக்கிறேன். ஹில், ஹெம்பில் போன்றவர்கள் வெகுஜனத்துக்குத் தெரியாதவர்கள். 'ஹிஸ்டாரிசிட்டி' கேட்டுவிட்டு அவர்களைத் தேடிப் போனவர்கள் உண்டு. தியாகராஜர் முத்திரை வரும் இடத்தில் பாடகர் அதை விழுங்காமல் பாடுவது போன்ற நேர்மை இது.

அப்போது அந்த நாலு சொந்த மெட்டு?

'ஹிஸ்டாரிசிட்டி', 'ஹெலிக்ஸ்', 'ட்ரைடென்ட்: 2010', 'செக்மென்ட் ஃபார் சென்டிமென்ட் #2'. இதில் 'ட்ரைடென்ட்' அவருடைய பழைய மெட்டின் புது வடிவம். அதாவது தன்னையே கவர் பண்ணியிருக்கிறார். (2009-ல் வந்த ஆல்பத்தில் 2010 என்று பெயர் வைத்தது தனி நையாண்டி.)

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது சொந்தம், எது அடுத்தவருடையது என்று பிரிப்பது கஷ்டம். இந்த ஆல்பத்தின் வெற்றியே அதுதான் என்று சொல்லலாம். கவர்கள் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. சொந்த மெட்டுகளில் ஆண்ட்ரூ ஹில்லின் நிழல் விழுகிறது.

குறை இல்லாமல் இல்லை. தலைப்பு டிராக்கை முதலில் வைத்தது புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் கொடுமை. மூன்று பேரும் மூன்று வேகத்தில் போவது போல இருக்கும், எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாது. 'சம்வேர்' பாட்டின் ஏக்கத்தை அறுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அந்தப் பாட்டின் ரசிகர்கள் கோபப்படவும் இடம் உண்டு.

அதனால் முதல் தடவை கேட்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். 'மிஸ்டிக் ப்ரூ'வில் ஆரம்பியுங்கள். ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும்போதும் ஒத்துப்போகும். அடுத்து 'பிக் பிரதர்'. ஸ்டீவி வொண்டரின் ஒரிஜினலை ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால், எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது தெளிவாகத் தெரியும். பிறகு 'டோகான் ஏ.டி.'. இது 11 எண்ணிக்கையில் சுற்றும். 'தகதிமி தகஜணு தகிட' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தால் ரெண்டாவது நிமிடத்தில் பிடித்துவிடலாம். தவறினால் பரவாயில்லை, அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம். தலைப்பு டிராக்கைக் கடைசியில் கேட்டால் அந்த மூன்று வேகமும் பழகிய முகமாகத் தெரியும்.

கவரும் சொந்தமும் கலந்த பழக்கத்தை விஜய் ஐயர் விடவில்லை. 2021-ல் வந்த 'அன்ஈசி', 2024-ல் வந்த 'கம்பேஷன்' இரண்டிலும் குழு வேறு. பேஸில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரி. முதலாவதில் கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே' வருகிறது, இரண்டாவதில் மறுபடியும் ஸ்டீவி வொண்டர்.

'கலாங்'கை மட்டும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி, பாம்பன் சாலைப் பாலம் தொடங்கும் இடத்தில் ப்ளே பட்டனைத் தட்டினால் போதும். பாலத்தின் நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். டிரைவர் நிதானமானவராக இருந்தால், பஸ் தீவில் இறங்குவதற்குள் பாட்டு முடிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தங்கச்சிமடம் வந்துவிடும்.